பிறந்த குழந்தை அழவில்லையா? மூளையைக் காக்கும் முதல் நிமிடம்!

ஸ்ரீபெரும்புதூர்,

ஸ்ரீபெரும்புதூரில் கார் தயாராகிறது. செல்போன் தயாராகிறது. கண்ணாடி தயாராகிறது. பிராணவாயுவும் தயாராகிறது!

சிப்காட்டில் உள்ள ஐநாக்ஸ் தொழிற்சாலை, காற்றைக் கடும் குளிரில் திரவமாக்கி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து டாங்கர் லாரிகளில் அனுப்புகிறது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாவது அலை வீசியபோது இந்த ஆக்சிஜன் ஆந்திராவுக்கும் தெலுங்கானாவுக்கும் திருப்பி விடப்பட்டது. அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, அதை எதிர்த்துப் பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார். டீக்கடை முதல் தாலுகா ஆபீஸ் வரை ஆக்சிஜன் பேச்சுத்தான்.

ஆனால் இன்னொரு மூச்சு முட்டல் இருக்கிறது. அதற்கு முதல் அலை, இரண்டாவது அலை என்று எதுவும் கிடையாது. ஆண்டு முழுவதும், இரவு பகல் பாராமல், பிரசவ வார்டுகளில் நடந்துகொண்டே இருக்கிறது. வாசலில் டாங்கர் லாரியே வந்து நின்றாலும் அந்த நேரத்தில் உதவாது.

அதற்குத் தேவை, கையால் அமுக்கும் ஒரு சிறிய பை. ஒரு முகமூடி. அதைப் பழகிய ஒரு கை. அதுவும் ஒரே நிமிடத்துக்குள்!

"பாப்பா அழுதுச்சா?"

பிரசவ வார்டு கதவு திறந்ததும் ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்று கேட்பது வழக்கம். விவரம் தெரிந்த பாட்டிமார்கள் முதலில் கேட்பது வேறு. "பாப்பா பொறந்ததும் அழுதுச்சா?"

பாட்டி கேட்பதைத்தான் டாக்டர்களும் கேட்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால் பல ஆஸ்பத்திரிகளில் சி.ஐ.ஏ.பி. என்று நாலு எழுத்து இருக்கும். பிறந்தவுடன் குழந்தை அழுதது என்பதன் சுருக்கம். அந்த நாலு எழுத்து இருந்தால் பெரிய நிம்மதி. "தாமதமாக அழுதது" என்று எழுதியிருந்தால், அந்தச் சீட்டைப் பல வருடங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயு வருகிறது. பிறந்த நொடியில் அந்த வழி அடைபடுகிறது; நுரையீரல் விரிந்து வேலையைத் தொடங்க வேண்டும். முதல் அழுகை என்பது அந்தக் கைமாற்றம் நடந்துவிட்டதற்கான அடையாளம்.

100 குழந்தைகள் பிறந்தால் சுமார் 85 குழந்தைகள் தாமாகவே மூச்சு விடும். இன்னும் 10 குழந்தைகள், துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் அழுதுவிடும். மிச்சம் உள்ள 5 பேருக்குத்தான் பை வைத்துக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சை அமுக்குவது, மருந்து ஏற்றுவது எல்லாம் 100-க்கு 1 குழந்தைக்குக்கூடத் தேவைப்படுவதில்லை.

பழைய சினிமாவில் காட்டுவதுபோலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைவது இப்போது கூடாது. குளிர்ந்த தண்ணீர் தெளிப்பதும் கூடாது.

காற்றே போதும்!

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. அந்தப் பைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கட்டாயம் இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே போதும். நிறைமாதக் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் சுத்த ஆக்சிஜன் கொடுப்பதைவிட அதுவே நல்லது என்றும் தெரியவந்துள்ளது.

இதைக் கண்டுபிடித்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. டெல்லி மவுலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி டாக்டர் சித்தார்த் ராம்ஜி, நார்வே நாட்டு டாக்டர் ஓலா சாக்ஸ்டாட் ஆகியோர் டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1993-ல் வெளியானது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. 2010-ல் உலக அளவிலான சிகிச்சை விதிகளே மாற்றப்பட்டன. சிலிண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பையைக் கையில் எடு என்பதுதான் இப்போதைய பாடம். இந்தப் பயிற்சியைத் தருவதற்காகவே மத்திய அரசு 2009-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

முதல் 1 நிமிடத்திலும், 5-வது நிமிடத்திலும் குழந்தைக்கு மார்க் போடுகிறார்கள். நிறம், இதயத்துடிப்பு, முகச்சுளிப்பு, கை-கால் அசைவு, மூச்சு என்று 5 பாடம். ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மொத்தம் 10. அமெரிக்க லேடி டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1953-ல் வெளியிட்ட முறை இது. அவர் பெயரில் அப்கார் மார்க் என்றே சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இதுவும் இருக்கும்.

இரண்டு அடி!

பிராணவாயு குறைந்தால் முதலில் அடி விழுவது மூளையில். அந்த அடி ஒரே தடவையில் முடிவதில்லை.

மூச்சு வந்து, இதயம் துடிக்கத் தொடங்கியதும் குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும். சொந்தக்காரர்களும் "பொழச்சுக்கிச்சு" என்று சாக்லெட் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் சுமார் 6 மணி நேரம் கழித்து இரண்டாவது அடி தொடங்குகிறது. முதல் அடியில் தப்பித்த மூளை அணுக்கள் அப்போது வரிசையாகச் சாக ஆரம்பிக்கின்றன. குழந்தைக்கு வலிப்பு வரும். பால் குடிக்காது. துவண்டு கிடக்கும், அல்லது விறைத்துக்கொள்ளும். அழுதால் கீச்சென்று அழும்.

பாதிப்பு லேசாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன. நடுத்தரம், கடுமை என்றால்தான் ஆபத்து. சில குழந்தைகள் இறந்துவிடுகின்றன. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், காது கேளாமை, பார்வைக் குறைவு, புத்தி வளர்ச்சிக் குறைவு வருகிறது.

இரண்டு அடிக்கும் நடுவே கிடைக்கும் அந்த 6 மணி நேரத்தில் ஏதாவது செய்ய முடியாதா? டாக்டர்கள் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

குளிர வைத்தார்கள்!

ஒரு வழி கிடைத்தது. குழந்தையின் உடம்பைக் குளிர வைப்பது! 37 டிகிரி அளவில் இருக்க வேண்டிய உடல் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மெதுவாகச் சூடேற்றுவார்கள். அணுக்கள் சாவது குறையும் என்பது கணக்கு.

அமெரிக்காவில் டாக்டர் சீதா சங்கரன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. பலன் தெரிந்தது. 2009-ல் இங்கிலாந்து ஆய்வும் வந்தது. எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்ததில், 7 குழந்தைகளைக் குளிர வைத்தால் ஒரு குழந்தை சாவிலிருந்தோ கடும் பாதிப்பிலிருந்தோ தப்புகிறது என்று கணக்கு வந்தது. பணக்கார நாடுகளில் இதுவே வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது.

"அப்படியானால் நம்ம ஊரிலும் செய்ய வேண்டியதுதானே?" என்று யாரும் கேட்பார்கள். செய்து பார்த்தார்கள். அதுவும் சென்னை எழும்பூரில்!

எழும்பூர் ஆய்வு

இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய 3 நாடுகளில் 7 பெரிய ஆஸ்பத்திரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எழும்பூர் குழந்தைகள் நல ஆஸ்பத்திரியும், எழும்பூர் தாய்-சேய் நல ஆஸ்பத்திரியும் அதில் அடக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரி டாக்டர் சுதின் தய்யில் தலைமை தாங்கினார். 2015 ஆகஸ்டு முதல் 2019 பிப்ரவரி வரை 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வேறு இடங்களில் பிறந்து, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவை.

202 குழந்தைகளைக் குளிர வைத்தார்கள். 206 குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. ஒன்றரை வயது தாண்டும்வரை கவனித்தார்கள். 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் பத்திரிகையில் முடிவு வெளியானது.

எல்லோருக்கும் அதிர்ச்சி!

குளிர வைத்த குழந்தைகளில் 84 பேர் இறந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 63 பேர். நூற்றுக் கணக்கில் சொன்னால் 42-க்கு 31. மேல்நாட்டில் உயிர் காத்த சிகிச்சை இங்கே சாவைக் கூட்டியது. சாவு, கடும் பாதிப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் லாபம் இல்லை. நல்ல வசதி உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இந்த நாடுகளில் இதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எல்லா டாக்டர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஒத்துழைப்புடன், விலை குறைந்த குளிர்த்தொட்டில் ஒன்று இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டிருக்கிறது. சரியான குழந்தையைத் தேர்ந்தெடுத்து, சரியான நேரத்தில் செய்தால் பலன் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் குழந்தைக்கு ஐஸ் வைத்துவிடக் கூடாது! கண்காணிப்பு இல்லாமல் உடம்பு குளிர்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துக் கதகதப்பாக வைப்பதுதான் சரி.

என்ன வித்தியாசம்?

அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று யோசிக்க வைக்கிறது. மேல்நாட்டில் மூச்சு முட்டல் பெரும்பாலும் திடீர் விபத்துபோல வருகிறது. இங்கேயோ பிரசவ வலியின்போதே மணிக்கணக்கில், விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு முட்டுகிறது. குழந்தை வெளியே வருவதற்குள் அந்த 6 மணி நேரக் கெடு உள்ளேயே ஓடி முடிந்துவிடலாம்.

அப்படியானால் குளிர்ப்பெட்டி வாங்குவதைவிட, வலி எடுத்த பெண்ணின் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் முக்கியம்.

வலி நன்றாக எடுத்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பை 15 நிமிடம் முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவன விதி. முக்கித் தள்ளும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் சரி. குறைந்தாலும் கூடினாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். ஆனால் ஒரு நர்சு ஒரே நேரத்தில் எத்தனை கட்டிலைப் பார்க்க முடியும் என்ற கேள்வி இருக்கிறது.

இன்னொரு விஷயம், ஊசி. "சீக்கிரம் பொறக்கட்டும், வலிக்கு ஊசி போடுங்க" என்று வீட்டார்களே அவசரப்படுத்துவது உண்டு. வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் ஊசியை டாக்டர் தேவை பார்த்துக் கொடுக்கிறார். கண்காணிப்பு இல்லாமல் அளவு மீறினால் கர்ப்பப்பை விடாமல் இறுகும். இரண்டு வலிக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் குழந்தைக்கு நல்ல ரத்தம் போகிறது. அந்த இடைவெளி போய்விட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

ஒரகடத்தில் ராத்திரி 2 மணி

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2019-21 குடும்பநல சர்வே சொல்லும் கணக்கு இது. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்பது இப்போது கேள்வியே இல்லை. எப்போது போனார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரகடம் பக்கம் ஒரு வாடகை அறையில் ராத்திரி 2 மணிக்கு வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் நைட் ஷிப்டு. வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டிய கம்பெனி. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பெண் என்றால் தாயாரும் பக்கத்தில் இல்லை, பாஷையும் தெரியாது. உள்ளூர்ப் பெண் என்றால் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருப்பார். இவருக்கு அந்த வழியும் இல்லை.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கல் என்றால் காஞ்சிபுரம் அரசு தலைமை ஆஸ்பத்திரி, அல்லது செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 25 கிலோ மீட்டர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எழும்பூர் சுமார் 40 கிலோ மீட்டர். நடுவில் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்டு பஸ்களும் ஓடும் ரோடு.

சிக்கல் வரும் என்று முன்பே தெரிந்தால், குழந்தையை வயிற்றில் சுமந்தபடியே தாய் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது மேல். பிறந்து, மூச்சு முட்டி, அதன்பிறகு ஆம்புலன்சில் போவது எல்லா வகையிலும் நஷ்டம். பச்சிளம் குழந்தைகளுக்கென்று இன்குபேட்டர் வைத்த 108 வண்டிகள் உண்டு. ஆனால் தாயின் வயிற்றைவிட நல்ல வண்டி கிடையாது.

குழந்தையின் துள்ளல் வழக்கத்தைவிடக் குறைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தால், உள்ளேயே குழந்தை மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் காத்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, கொடி முன்னே வருவது எல்லாமே 108-க்கு உடனே போன் போட வேண்டிய சமாசாரம். போன் இலவசம், வண்டியும் இலவசம்.

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பலர் கடைசி வாரம் வரை வேலைக்குப் போகிறார்கள். குழந்தை பிறந்த பிறகு அதிக நாள் வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கும் தப்பில்லை.

உறவினர்கள் முற்றுகை!

"குழந்தை சாவு: ஆஸ்பத்திரியை உறவினர்கள் முற்றுகை; போலீஸ் குவிப்பு." இந்தத் தலைப்பு வாசகர்களுக்குப் புதிது அல்ல. கண்ணாடி உடையும். டாக்டர் பின்வாசல் வழியாகப் போவார். ஆஸ்பத்திரியைத் தாக்கினால் ஜெயில் என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. முற்றுகை நிற்கவில்லை.

தப்பு நடக்கும் இடங்கள் உண்டு. துடிப்பு கேட்காமல் விட்டது, ஆபரேஷனுக்குத் தாமதம் செய்தது, பை வேலை செய்யாதது என்று. ஆனால் மூளை முடக்குவாதம் என்றாலே பிரசவத்தில் தப்பு என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில் 1861-ல் கஷ்டமான பிரசவமே இதற்குக் காரணம் என்று பேசினார். மன நோய் டாக்டராகப் பிற்பாடு பேர் வாங்கிய சிக்மண்ட் பிராய்டு 1897-ல் அதை மறுத்தார். குழந்தைக்கு வயிற்றிலேயே கோளாறு இருந்ததால்தான் பிரசவம் கஷ்டமாகியிருக்கலாமே என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. குறைமாதம், கிருமித் தொற்று, பரம்பரைக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு.

எது உண்மை என்று தெரிய, கண்ணாடியை உடைத்துப் பயன் இல்லை. கேஸ் சீட்டு வேண்டும். எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்குத் துடிப்பு எவ்வளவு, எத்தனை மணிக்கு டாக்டர் வந்தார், அப்கார் மார்க் என்ன? எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

தாமதமாக அழுத குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டால் கவலை முடிந்தது என்று பலர் செக்கப்புக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். 4 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா? கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறதா? தூக்கினால் காலைக் கத்திரிக்கோல்போலப் பின்னுகிறதா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டுகிறதா? "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டுதான்" என்று காத்திருக்கக் கூடாது. சின்ன வயதில் மூளை வளையும். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இதற்கென்று மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற அரசு மையங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் பல வகை ஊனம் உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்பை 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கினார். மூளை முடக்குவாதம் 2016 சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட 21 ஊனங்களில் ஒன்று. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகை 2023-ல் 2 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத்தான். ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஷிப்டு மாறும் நேரம்

காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிப்டு பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனியில் ஷிப்டு மாறும்போது, அடுத்து வரும் ஆள் மெஷினை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

பிரசவ வார்டிலும் ஷிப்டு உண்டு. வேலைக்கு வந்த நர்சு மேஜை மேல் உள்ள பையை எடுக்க வேண்டும். முகமூடியை உள்ளங்கையில் அழுத்தி வைத்து, பையை அமுக்கிப் பார்க்க வேண்டும். காற்று கசியாமல் கையில் முட்டி, வால்வு திறந்து சத்தம் வந்தால் பை சரி. அரை நிமிட வேலை. அதன்பிறகு முகமூடியைத் துடைத்து, குழந்தை பிறக்கும் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். பூட்டிய பீரோவில் அல்ல.